தண்ணி வராத குழிகள்

"தண்ணி வந்த போரெல்லாம் ரெண்டு வருசத்துல தானா அழியட்டும். தண்ணி வராத போர் மட்டும் எத்தனை வருசமானாலும் இருக்கோணும், நவீன்."

சொல்லிவிட்டு வள்ளியாத்தாள் டீ குடிக்கப் போய்விட்டார். ஏன் எதற்கு என்று விளக்குகிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

திருச்செங்கோட்டில் மூன்று ரிக் வண்டி வைத்து போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிறவர் அவர். வீட்டுக்காரர் போன பிறகு ஒற்றையாளாய் நடத்துகிறார். பன்னிரண்டு வருடமாகப் போட்ட போர் ஒவ்வொன்றும் எந்த ஊர், யாருடைய காடு தோட்டம், எத்தனை அடி, தண்ணி வந்ததா இல்லையா, போன் நம்பர் என்ன என்பதெல்லாம் கிளவுடில் கிடக்கிறது. அதற்கு வாடகை ஏறிக்கொண்டே போனது. எதை எத்தனை நாள் வைப்பது, எதை எப்போது அழிப்பது என்று கெடு வைத்து செட்டிங் போடத்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நவீன்குமாரைக் கூப்பிட்டிருந்தார்.

நவீன்குமார் கெட்டிக்காரன். அவனுக்குத் தன் மேல் சந்தேகமே வராது. வந்தால் அடுத்தவர் மேல்தான் வரும்.

இப்போதும் வந்தது. தண்ணி வந்த போரைக் காட்டித்தானே புது ஆளைப் பிடிக்க முடியும்? அதை அழித்துவிட்டு, தோற்றதைப் போய் யாராவது பொத்திப் பொத்தி வைப்பார்களா?

மேனேஜர் தீனதயாளனிடம் கேட்டான். வருடா வருடம் ஐப்பசி மழை விட்டதும், அக்கா கதவைச் சாத்திக்கொண்டு தண்ணி வராத போர் லிஸ்ட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தானே போன் போடுவார் என்றார் அவர். என்ன பேசுவார் என்று தெரியாதாம். இடத்தை மாற்றி இன்னொரு போர் போடச் சொல்வாராக இருக்கும் என்று சிரித்தார்.

நவீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்ககிரிப் பக்கம் அவன் வீட்டுக் காட்டிலும் ஒரு போர் பொய்த்திருக்கிறது. வேறொரு வண்டிக்காரர் போட்டது. எண்ணூறு அடி போயும் வெறும் புழுதிதான் பறந்தது. அம்மா ரெண்டு எருமையை விற்றாள். அந்த வலி அவனுக்குத் தெரியும். மரத்தில் இருந்து விழுந்தவனைத் தேடிப் போய் மாடு முட்டுவதா? இந்தப் பாவத்துக்கு நான் துணை போக மாட்டேன் என்று முடிவு கட்டினான்.

திங்கட்கிழமை காலையில், வந்த போருக்கும் வராத போருக்கும் ஒரே கெடுவாக ரெண்டு வருடம் என்று போட்டு பட்டனை அழுத்தினான். பெயிலான பழைய போர் ஆயிரத்துச் சொச்சம் போயே போச்சு. அழிந்ததை ஏழு நாளைக்குள் மீட்கலாம். அதற்குப் பிறகு சாமியே வந்தாலும் கிடைக்காது. இது அவனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது.

ஆயிரம் குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தி. அன்று மத்தியானம் ரெண்டு பரோட்டா கூடவே சாப்பிட்டான்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வள்ளியாத்தாள் வந்ததும் வராததுமாக அந்த லிஸ்ட்டைக் கேட்டார். நவீன் பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தான். செட்டிங் எப்படியோ மாறிப்போய், ரெண்டு வருசத்துக்கு முந்தினது பூராவும் அழிந்துவிட்டது என்றான்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆயிரம் பேருங்க நவீன். எனக்கு எத்தனை நம்பர் ஞாபகம் இருக்கும்?"

ஞாபகம் இருந்த ஒரு நம்பருக்குப் போன் போட்டார். கதவைச் சாத்தவும் மறந்துவிட்டார். நவீன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"ஏனுங்க, ரிக்கு வண்டி வள்ளியாத்தாள் பேசறனுங்க. இல்லீங்க, போர் போடச் சொல்லிக் கூப்புடல. அன்னைக்கு குழிக்குள்ள எறக்குன கேசிங் பைப்ப உருவிப்போட்டு மண்ணுப் போட்டு மூடுனமே, அந்தக் குழியத்தான் கேக்கறேன். மழை பேஞ்சிருக்குது. மண்ணு எறங்கியிருக்குதான்னு ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. புள்ளைங்க ஓடியாடற காடு. எறங்கியிருந்தாச் சொல்லுங்க, ஆளனுப்பி மூடித் தாரேன். காசெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க."

போனை வைத்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"தண்ணி வந்த குழி மேல மோட்டாரு உக்காந்துக்கும். வராத குழிய யாரு திரும்பிப் பாப்பா?"

நவீன் எழுந்து போய் அவர் எதிரில் நின்றான்.

"அக்கா, திரும்ப எடுத்தர்லாங்க. திங்கக்கெழமை வரைக்கும் டைம் இருக்குது. செட்டிங் தானா மாறலீங்க. நான்தான் மாத்துனேன்."

வள்ளியாத்தாள் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மொதல்ல எடுங்க. அப்பறம் திட்டறேன்."

அரை மணி நேரத்தில் ஆயிரத்துச் சொச்சமும் திரும்பி வந்துவிட்டது. வராத போருக்கு அழிக்கும் கெடுவே இல்லை என்று மாற்றி, ரெண்டு தடவை சரிபார்த்தான். அவர் லிஸ்ட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அடுத்த நம்பரைப் போட ஆரம்பித்தார்.

நவீன் வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டான். அப்பா எடுத்தார்.

"அப்பா, நம்ம காட்டுல பெயிலாச்சே அந்த போரு, அத எத வெச்சு மூடியிருக்குது?"

"பைப்பத்தான் அன்னைக்கே உருவி வித்துப்போட்டமே சாமி. ஒரு உரச் சாக்கப் போட்டு நாலு கல்லு வெச்சேன். இப்ப இருக்குதோ என்னமோ, ஏன் கேக்கற?"