திண்டிவனத்து சர்வர்

கணக்கு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து லைசென்ஸ் சரிபார்க்க ஆள் வந்துவிட்டார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டியின் முதலாளி ராஜாமணிக்கு வியர்த்தது. விழுப்புரம் மண்டியில் ஒரு சர்வர், திண்டிவனம் கிளையில் ஒரு சர்வர். ஒன்றில் கணக்கை மாற்றினால் மற்றதிலும் மாறும். லைசென்ஸ் இருந்ததோ ஒன்றுக்குத்தான்.

"ஜெகதீசா, நீதான ஒண்ணு போதும்னு சொன்ன?"

வந்தவர் குறுக்கிட்டார். "திண்டிவனத்து சர்வர் சும்மா காப்பி எடுத்துட்டு இருந்தா ஒண்ணு போதும்தான். யாராவது அதுல வேலை பார்த்தா இன்னொரு லைசென்ஸ் வாங்கணும். பார்க்கறாங்களா?"

கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ளும் ஜெகதீசன் முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

"யாரும் தொடறதில்ல சார். எல்லா வேலையும் இங்கதான்."

அதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். முதலாளிக்கு உயிர் வந்தது. உடனே கிளார்க் பானுப்ரியாவின் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கினியாம்மா? போன வாரம் கெடார் ஊரு விவசாயிங்க எடைக் கணக்கு அழிஞ்சிதே, அது திண்டிவனத்துலருந்தா இருக்கும்னியே? அங்கதான் யாரும் தொடறதே இல்லியாமே! இங்க கம்ப்யூட்டர்ல உக்கார்றது நீ ஒருத்திதான். நாளைலருந்து வராத."

பானுப்ரியா ஜெகதீசனைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங்க. நான்தான் கவனிக்காம எதையோ அழுத்திட்டேன் போலருக்கு."

அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கும் வரை ஜெகதீசன் தலையைத் தூக்கவில்லை.

போன வாரம் திண்டிவனத்து சர்வரில் உட்கார்ந்து, வேறெதையோ அழிக்கப்போய் அந்தக் கணக்கை அழித்தவன் அவன்தான்.