எம்ப்டி வண்டி

மறித்து நிறுத்திய கண்டெய்னர் லாரியின் பூட்டுச் சாவியைக் கண்ணுசாமி முந்திரிக்காட்டுக்குள் வீசி எறிந்ததும் ரெங்கராஜுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது. காலையிலிருந்து காணாத தன் மனைவி ஹரிணி அதற்குள்தான் இருக்கிறாள். அவளுடைய பச்சைத் துப்பட்டாவின் நுனி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

முதல் குத்து வாயில் விழுந்தது. ஆலங்குடியில் ஐந்து லாரி வைத்திருக்கும் ரெங்கராஜ், பதினோரு வருடமாகக் "கண்ணண்ணே" என்று கூப்பிட்டு வந்த தன் டிரைவரை, அறந்தாங்கி சாலையோரத்தில் பட்டப்பகலில் கீழே தள்ளி நெஞ்சில் மிதித்தான்.

"உள்ள என்னடா ஏத்தியிருக்க?"

"எம்ப்டிங்க மொதலாளி. தூத்துக்குடி போயித்தான் லோடு ஏத்தணும். ஒங்களுக்குத் தெரியாததா?"

"எம்ப்டி வண்டின்னா எதுக்குடா சாவியத் தூக்கி எறிஞ்ச?"

ரெங்கராஜோடு காரில் வந்த மெக்கானிக் பிராங்க்ளின் வீல் ஸ்பேனரை ஓங்கிக் கண்ணுசாமியின் முழங்காலில் இறக்கினான். அவர் போட்ட அலறலில் முந்திரி மரத்திலிருந்த காக்கைகள் கலைந்து பறந்தன.

இரண்டு பைக்குகள் வேகம் குறைந்தன. "எங்க வீட்டு விசயம். போய்க்கிட்டே இருங்க," என்றான் ரெங்கராஜ். அவன் கையிலிருந்த இரும்பு ஜாக்கி லிவரைப் பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

தகவல் சொன்னது லோடுமேன் வீரய்யா. ஷெட்டில் கண்ணுசாமி அவசரமாகக் கதவை அடைத்துப் பூட்டியதையும், துப்பட்டா மாட்டிக்கொண்டதையும் பார்த்துவிட்டு முதலாளியிடம் ஓடியவன் அவன்தான். இப்போது குனிந்து சருகைக் கிளறிச் சாவி தேடிக்கொண்டிருந்தான். கண்ணுசாமி பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ரெங்கராஜ் லிவரால் கண்டெய்னர் தகரத்தில் அறைந்தான். அது பறைபோல அதிர்ந்து ஓய்ந்தது.

"ஹரிணி, நீயா வெளிய வந்தா உசுரோட இருப்ப. நான் தொறந்தேன்னா பொணமாத்தான் எறங்குவ. சிங்கப்பூர்லருந்து ஒங்கண்ணனா வந்து காப்பாத்தப் போறான்?"

உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு, தாடை உடைந்த ஹரிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் கண்ணுசாமிதான். டாக்டர் கேட்டபோது, முதலாளி சொல்லியனுப்பியபடியே "மாடிப்படியில வழுக்கி விழுந்துருச்சுங்க" என்று சொன்னார். பேச முடியாத அந்தப் பெண் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

"வீரய்யா, மணி என்னடா?" ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டார் கண்ணுசாமி.

"பத்து இருவதுண்ணே." பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. வீரய்யா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சாகப் போறவனுக்கு மணி ஒரு கேடா?" ரெங்கராஜ் அவர் வலது கையைத் தார்ச்சாலையில் இழுத்துப் போட்டுச் செருப்புக் காலால் அழுத்தினான். "சாவி எங்கிட்டு விழுந்துச்சு? சொல்லு."

இரண்டு விரல்கள் ஒடியும்வரை கண்ணுசாமி வாய் திறக்கவில்லை. பிறகு, "அந்தப் பட்ட மரத்துக்கு வடக்கால," என்றார்.

மூன்று பேருமாக அரை மணி நேரம் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"வடக்கால இல்ல மொதலாளி. தெக்கால போலருக்கு. வலியில ஒண்ணும் வெளங்கல."

இந்தத் தடவை லிவர் விலாவில் விழுந்தது. கண்ணுசாமி சுருண்டு படுத்து, இருமும்போதெல்லாம் ரத்தம் கக்கினார். "மொதலாளி, செத்துகித்துத் தொலைஞ்சிறப் போறாரு," என்று வீரய்யா குறுக்கே வந்தான். அவன் கன்னத்திலும் ஒன்று விழுந்தது.

கடைசியில் பிராங்க்ளின் காரை எடுத்துக்கொண்டு அறந்தாங்கிக்குப் போய், தெரிந்த வெல்டிங் பட்டறையிலிருந்து கேஸ் கட்டரும் சிலிண்டரும் கொண்டுவந்தான். அவன் போய்த் திரும்புவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பூட்டு சிவந்து, இளகி, தரையில் விழுந்தது.

ரெங்கராஜ் கதவை இழுத்துத் திறந்து, லிவரை ஓங்கியபடி உள்ளே ஏறினான்.

வெறும் தகரச் சுவர்கள். ஒரு மூலையில் சுருட்டி வைத்த கயிறு. கதவின் உட்பக்கக் கொக்கியில் பச்சைத் துப்பட்டா, அவிழாதபடி இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

அவன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து கண்ணுசாமியின் முன்னால் குந்தினான்.

"எம்ப்டி வண்டிக்கா இம்புட்டு அடி வாங்குன?"

கண்ணுசாமி உடைந்த பல்லைத் துப்பினார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் வாயில் 'மொதலாளி' வரவில்லை.

"அந்தப் புள்ள ஏறுன பிளைட்டு திருச்சியிலருந்து கெளம்பணும்லப்பா."