உலகமே பார்க்கிற பக்கம்

வெர்லின் தன் மனைவி மார்லிஸை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படியின் உச்சியில் நின்று அவருடைய கணினியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டியையே கல்யாணம் பண்ணியிருக்கலாம் நீ! சமைச்சுப் போடும், சாக்ஸும் துவைக்கும்!"

"உனக்கு என்ன தெரியும்? உலகமே என் பக்கத்தைப் பார்க்குது."

"உலகத்துக்கு வேற வேலை இல்லை பாரு!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தேவாலயத்துச் சமையலறையில் காபிக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் அங்கேயே சரிந்துவிட்டாள். இதயம்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம். துக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பதார்த்தம் ஃப்ரீஸரை அடைத்துக்கொண்டு கிடந்தது. மினியாபொலிஸிலிருந்து வந்த மகள் ரோண்டா, கணினிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், கீழே இறங்கி வந்தாள்.

"இந்தக் கணினியை மூட்டை கட்டிடலாமா அப்பா? அம்மாவுக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதே, கீழே காலே வைக்க மாட்டாங்களே. கடைசி நாள்கூட சண்டையாமே? ரிட்டையர் ஆன மனுஷனைக் கொஞ்சம் நிம்மதியா விட்டிருக்கலாம்னு பக்கத்து வீட்டு ஆர்டிஸ் ஆன்ட்டி சொல்றாங்க."

"தொடாதே. விருந்தாளிங்க வர்ற இடம்."

வாழ்நாள் முழுக்கப் பனி அள்ளும் லாரி ஓட்டியவர் வெர்லின். ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் இணையப் பக்கம் போடுவது பற்றி ஒரு புத்தகம் எடுத்தார். 'எழுதிய ஸ்கிரிப்டை ஊருக்குக் காட்டுமுன் வீட்டுக் கணினியிலேயே ஒரு சர்வர் போட்டுச் சோதித்துப் பார்' என்றது புத்தகம். போட்டார். உறைந்த ஏரியில் துளை போட்டுத் தான் பிடித்த மீன்களுக்கு ஒரு இணையப் பக்கம். பார்க்க வருகிறவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போக, அதன் அடியில் ஒரு விருந்தினர் புத்தகம்.

"பாரேன்," என்று மகளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

நார்வே நாட்டுக் கப்பல் கேப்டன் ஒருவர் எழுதியிருந்தார்: 'ஐயா, இந்த மீன் உங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில்கூட அடங்காது. அளந்த கோலைக் காட்டவும்.'

வெர்லினின் பதில்: 'கோலை மீன் விழுங்கிவிட்டது, கேப்டன்.'

ரோண்டா அடக்கமாட்டாமல் சிரித்தாள். அடுத்தது டெக்சாஸ் விதவை லவோன்: 'உங்கள் மீசையில் பனி உறைந்திருக்கும் படத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.'

'அம்மணி, மீசை சௌக்கியம். தங்கள் நலம் அறிய ஆவல்.'

"அப்பா! இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அந்தப் பதில் போட்ட அன்னைக்கு சாப்பாட்டு மேசையில பாத்திரத்தை டங்குன்னு வச்சா. 'யாரு அந்த லவோன்? இந்த வயசுல வெட்கமா இல்லே?'ன்னு ஒரே ரகளை. ரெண்டு நாள் எனக்கு அவ சுடற ஆப்பிள் பை கிடையாது."

"லவோனுக்கு அம்மா போனதைச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லலை. தெரிஞ்சிருக்கும்."

சிரித்துக்கொண்டே திரையில் மேலே பார்த்த ரோண்டா, சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். பக்கத்தின் முகவரியை இரண்டு தடவை படித்தாள். எல்லாக் கணினியும் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் எண் அது. வெளியே யாருக்கும் அது வழி காட்டாது.

சொல்வதா வேண்டாமா என்று தவித்தாள். அப்பாவுக்கு மிச்சமிருக்கும் துணையே இந்தக் கேப்டனும் லவோனும்தான். ஆனால், வராத ஆளுக்காக நாள் முழுக்க இங்கே காத்துக்கொண்டிருப்பாரே!

"அப்பா... கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. இந்த நாற்காலியில உட்கார்ந்தவங்களைத் தவிர வேற யாரும் இதைப் பார்த்திருக்கவே முடியாது. அப்படின்னா..."

அவள் திரையை மறுபடி பார்த்தாள்.

"அப்படின்னா கேப்டன் அம்மா. லவோனும் அம்மாதான். நீங்க மீன் பிடிக்கப் போன நேரமெல்லாம் திருட்டுத்தனமா இங்கே வந்து... ஐயோ, அம்மாவைப் போய் என்னென்ன சொல்லிட்டோம்!"

வெர்லின் மீசையைத் தடவிக்கொண்டார்.

"கீழே காலே வைக்க மாட்டேன்னவளுக்கு லவோன் பேரு எப்படித் தெரியும்னு நீ கேட்பேன்னு பார்த்தேன்."

ரோண்டா வாயைப் பிளந்தாள்.

"பக்கம் போட்ட புதுசுல, உலகமே பார்க்குதுன்னு அவகிட்ட பீத்திக்கிட்டேனா, மறுநாளே நூலகத்துக் கணினியில போட்டுப் பார்த்தேன். திறக்கலை. அவமானமாப் போச்சு. சரி பண்ணலாம்னு ஓடிவந்தா, கேப்டன் வந்து எழுதி வச்சிருக்கார். விசைப்பலகை முழுக்க மாவு. மேலே அடுப்புல ஆப்பிள் பை வெந்துக்கிட்டிருக்கு."

"தெரிஞ்சுமா லவோனுக்கு அப்படிப் பதில் போட்டீங்க?"

"அவ தன் மேலேயே பொறாமைப்படறதைப் பார்க்கக் கொடுத்து வைக்கணும், பொண்ணே!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ரோண்டா விசைப்பலகையை இழுத்தாள்.

"நகருங்கப்பா. கொஞ்ச நேர வேலைதான். நிஜமாவே உலகத்துக்குத் திறந்துவிடறேன்."

"அது எப்படின்னு புத்தகத்துலயே போட்டிருந்தது. அப்பவே எனக்குத் தெரியும்," என்று வெர்லின் அவள் கையை மெதுவாக விலக்கினார். "திறந்துவிட்டா கூட்டம் வந்திருக்கும். உங்கம்மா வந்திருக்க மாட்டா."

பக்கம் இன்றும் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் திறக்கிறது. விசைகளின் இடுக்கில் கொஞ்சம் மாவு இருக்கிறது.