மூன்றாவது பொம்மை

காலில் விழாத குறையாகக் கெஞ்சினான் மாசிலாமணி. "இந்த ஒண்ணையாவது உட்டுடுங்க மொதலாளி. இதையும் நீங்க செஞ்சிட்டா, நான் தொழில மூட்டை கட்டிக்கினு போவ வேண்டியதுதான்."

விழுப்புரத்தில் பொம்மைப் பட்டறை வைத்திருந்த அரங்கநாதன், மேசைமேல் இருந்த தகரப் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கெஞ்ச வருகிறவன் பொம்மையை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாதோ? அந்தச் சாமர்த்தியமெல்லாம் மாசிலாமணிக்கு ஏது.

திண்டிவனத்தில் ரைஸ்மில் வேலையை உதறிவிட்டு, பழைய டைம்பீஸ் ஸ்பிரிங்கை வைத்துப் புதுசு புதுசாகப் பொம்மை கண்டுபிடிக்கிறவன் அவன். முதலில் மல்லாட்டைக் கடலை உரிக்கும் அணில் செய்தான். மூன்றே மாதத்தில் அதே அணில் அரங்கநாதன் பெயரில் கடைகளில் தொங்கியது. நியாயம் கேட்கப் போனபோது, "அணில நீயா படச்ச?" என்று கேட்டுச் சிரித்தார் அரங்கநாதன். அடுத்துச் செய்த ஏற்றம் இறைக்கும் பொம்மைக்கும் அதே கதிதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் திண்டிவனம் கடைக்காரர்கள், அரங்கநாதன் மாடலைக் காப்பியடிக்கிறவன் என்று அவனையே சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்கு எரிந்த வயிறு அப்புறம் ஆறவே இல்லை. அந்த ஆளை ஊர் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று மனைவி அம்சவள்ளியிடம் சொன்னான். சொன்னவன், ஒரு மாதம் தினமும் பஸ் ஏறிப் போய், பட்டறைக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் பயந்தே போனாள்.

அப்படிச் சவால் விட்டவன்தான் இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அரங்கநாதன் சாவி கொடுத்துப் பொம்மையை மேசைமேல் விட்டார். முகத்தில் இரண்டு பொட்டுக் கண், அவ்வளவுதான். ஆனால் நடை இருக்கிறதே! வயிற்றை முன்னால் தள்ளி, ஒரு கையால் வேட்டி நுனியைப் பின்பக்கம் தூக்கிப் பிடித்து, மூன்று எட்டுக்கு ஒருமுறை கழுத்தை வெடுக்கென்று வெட்டிக்கொண்டு நடந்தது. அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து, இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்று அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்சவள்ளி கேட்டாள். "அந்தாளு கண்டுக்கினா என்னா பண்ணுவ?"

"ஊருல எவன் வேணா கண்டுபுடிப்பான். அவரால மட்டும் முடியாது."

பதினைந்தாம் நாள் பட்டறையில் அச்சு தயார். முதல் பொம்மையை நடக்கவிட்டுப் பார்த்த வேலையாள் இருதயராஜுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. எப்படி இருக்கிறது என்று முதலாளி கேட்டார்.

"அப்படியே உரிச்சி வச்சமாதிரி கீதுங்க."

காப்பி என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று அரங்கநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷம் வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு அவர் நின்றார். பத்து வருஷ ஆசை. எண்பத்தாறாம் வருஷப் பொங்கலுக்கு, உறுப்பினர்கள் வீடு ஒன்று விடாமல் ஆளுக்கொரு பொம்மை அனுப்பிவைத்தார். பெரியவர்களே பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கிச் சாவி கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். கடைத்தெருவில் அவரைக் கண்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஓட்டு அத்தனையும் நமக்குத்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

தேர்தல் அன்று கல்யாண மண்டபம் குடும்பம் குடும்பமாக நிறைந்திருந்தது. மாசிலாமணி யாரும் கூப்பிடாமலே வந்து வாசல் ஓரமாக நின்றான். ஓட்டுப் போடத் தொடங்கும் முன் போட்டியிடுகிறவர்கள் பேச வேண்டும். முதலில் அரங்கநாதன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பின்வரிசையில் இருந்து எழுந்து, வழக்கம்போல் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்தபடி, நடுப்பாதை வழியாக மேடையை நோக்கி அவர் நடந்தார். இரண்டு பக்கமும் மனிதர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

அம்மா மடியிலிருந்து இறங்கி நாற்காலிமேல் ஏறிய நாலு வயசுப் பெண்குழந்தை ஒன்று, அவர் முதுகை நோக்கிக் கையை நீட்டிக் கேட்டது.

"அம்மா, நம்ம வூட்டு பொம்மைக்கு யாரும்மா சாவி குடுத்தது?"