பன்னிரண்டாம் படுக்கையின் எண்கள்

அன்று மதியம் வார்டிலேயே பன்னிரண்டாம் படுக்கையின் எண்கள்தான் அழகாக இருந்தன. ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. மேசைத் திரையில் அதன் பச்சைக் கோடு, காற்றில்லாத நாளின் குளத்து அலைபோல் நகர்ந்துகொண்டிருந்தது.

நர்ஸுக்கு அப்பாடா என்றிருந்தது. இந்தத் திரை வந்த பிறகு, மூன்று பேர் பார்த்த வார்டை அவள் ஒருத்தியே பார்க்கிறாள்.

காலையில் அந்தப் படுக்கை அவளைப் படுத்திய பாடு! அதில் படுத்திருந்த பெரியவரின் விரலில் ஆக்சிஜன் அளக்க மாட்டிய கிளிப் நழுவும், எண் விழும், மணி அலறும். ஓரிரு முறை கிளிப் நழுவாமலே அலறியது. நின்று யோசிக்க நேரமில்லை. அடுத்த கட்டிலில் ஒருவர் ஊசிக்காகக் காத்திருந்தார்.

"செத்தவன்கூட எழுந்து உக்காந்துடுவான் போல" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர். "நிறுத்துங்கம்மா அத!"

"நான் என்ன வேணும்னா அடிக்க விடுறேன்?" என்று எரிந்து விழுந்த நர்ஸ், பெரியவரின் மனைவியிடம் திரும்பினாள். "ஏம்மா, பக்கத்துலயேதான உக்காந்திருக்கீங்க. அவரு கைய ஆட்டாம பாத்துக்கக் கூடாதா? இப்படி அடிச்சிக்கிட்டே இருந்தா டாக்டர் எப்படி வீட்டுக்கு விடுவாரு?"

அந்த அம்மா குன்றிப்போனாள். "ராத்திரி பூரா இவருக்குப் பொட்டுத் தூக்கமில்ல சிஸ்டர். இனிமே அடிக்காது. நான் பாத்துக்கிறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு மணி அடிக்கவே இல்லை.

மேசையில் போன் ஒலித்தது. டாக்டர்.

"பன்னிரண்டு எப்படி இருக்காரு?"

"ராஜா மாதிரி தூங்குறாரு டாக்டர். ரொம்ப நேரமா தொண்ணூத்தெட்டுக்குக் கீழ இறங்கவே இல்ல."

"அப்ப நான் வந்து பாக்கணும்னு இல்ல. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடலாம்."

மாத்திரைத் தட்டோடு நர்ஸ் போனாள். அந்த அம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, போர்வைக்குள் கணவரின் கையைப் பிடித்தபடி கண்ணயர்ந்திருந்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

தோளைத் தொட்டதும் அந்த அம்மா திடுக்கிட்டு விழித்தாள். கட்டிலருகே இருந்த சின்னத் திரையில் நாடித்துடிப்பு எழுபதிலிருந்து நூற்றுப்பத்துக்குத் தாவியது.

"பாருங்க, நீங்க பயந்தா அவருக்குப் படபடங்குது" என்று நர்ஸ் சிரித்தாள். "இதுல்ல பொருத்தம்!"

அந்த அம்மாவும் கூச்சத்தோடு சிரித்தாள்.

"ஐயா, எழுந்திருங்க. வீட்டுக்குப் போக வேணாமா?"

போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதத்தைத் தட்டினாள். தட்டிய விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. பாதம் கல்லாய்க் குளிர்ந்திருந்தது.

நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. பச்சைக் கோடு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா!" அவள் குரல் உயர்ந்தது. போர்வையைப் பற்றி இழுக்கப்போனாள்.

அந்த அம்மா பதறிப்போய் அவள் கையைத் தடுத்தாள்.

"உஷ்... மெதுவா சிஸ்டர். இப்பத்தான் அசந்து தூங்குறாரு. மணி அடிச்சு எழுப்பிடுமேன்னு அந்தக் கிளிப்ப என் விரல்ல மாட்டிக்கிட்டேன்."