வரிசையில் முதல் ஆள்

"இன்னா சார், எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, நீ மட்டும் மொதல் ஆளா வந்து நின்னுகினு கீறே?"

மீன் விற்கும் அங்காளம்மா கேட்டதும் வரிசையே சிரித்தது. பொருளாதாரப் பேராசிரியர் தோத்தாத்ரி மட்டும் சிரிக்கவில்லை. தோளில் தொங்கிய பெரிய பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கம்பி வலைக்கு உள்ளே கேஷியர் ஜெயப்ரியா கல்லாப் பணத்தை இரண்டாம் முறையாக எண்ணினாள். அஸ்தினாபுரம் காலனியின் சிக்கனச் சங்கத்தில் அன்றைய கையிருப்பு ஆறு லட்சம். மிச்சமெல்லாம் கடனாக வெளியே போய், மாதா மாதம் ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சங்கம் திவாலாம் என்று எவனோ வாட்ஸ்அப்பில் கொளுத்திப் போட்டுவிட்டான்.

தோத்தாத்ரி மகள் கல்யாணத்துக்கென்று இங்கே போட்டு வைத்திருந்ததும் ஆறு லட்சம்தான். அவர் எடுத்தால் அடுத்த ஆளுக்கே ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும், நேற்று காலனிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவரே அவர்தான்.

"நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயம் வந்துட்டா, வட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ரொக்கம் கையில இருந்தா போதும்னு தோணும். அப்ப ரிசர்வ் பேங்க் வட்டியை ஏத்தினாலும் இறக்கினாலும் அந்தப் பயம் தெளியாது. எல்லாரும் ஒரே நாள்ல கேட்டா, நல்ல சங்கமும் படுத்துடும். யாரும் எடுக்காதீங்க!"

முக்கால் மணி நேரம் பேசினார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். மீதிப் பேர் பாஸ்புக்கைத் தேடப் போய்விட்டார்கள்.

"மேடையில ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சு," என்றார் ரயில்வேயில் ரிட்டயரான கங்காதரன். "பையைப் பாருங்க, மொத்தமா அள்ளிட்டுப் போகப் போறார்."

பத்து மணிக்குக் கவுன்ட்டர் திறந்தது.

"சார்," ஜெயப்ரியா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க கேட்டா தந்துதான் ஆகணும். ஆனா பின்னால நிக்கிறவங்களுக்கு ஒத்தை ரூபா மிஞ்சாது."

"தர்றதா?" கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் முழங்கினார் தோத்தாத்ரி. "நான் போட வந்திருக்கேன்மா!" பையைப் பொத்தென்று கவுன்ட்டரில் வைத்தார். "நிறைய இருக்கு. உள்ளே கொண்டுபோய் நிதானமா எண்ணு."

வரிசையே பையை எட்டிப் பார்த்தது.

"புரொபசரே போடறாரா?" கங்காதரன் பாஸ்புக்கைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார். "எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல. சும்மா விசாரிக்கத்தான் வந்தேன்."

"இத்த நேத்தே சொல்லியிருந்தா இன்னா சார்? ஒரே பேஜாரு!" அங்காளம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். "மீனு கெட்டுப்பூடும், நான் யாவாரத்துக்குப் போறேன்."

கால் மணி நேரத்தில் வாசல் காலி.

அதன் பிறகுதான் ஜெயப்ரியா பையும் கையுமாக வெளியே வந்தாள். "சார்... உள்ளே வெறும் விடைத்தாள்!"

"செமஸ்டர் பேப்பர். பத்திரம்மா, இன்னும் திருத்தலை. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஏன் சார் இந்த நாடகம்? கொஞ்சமாவது நிஜப் பணத்தைப் போட்டிருக்கலாமே?"

தோத்தாத்ரி காலிச் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"வேற பணம் ஏதும்மா? இருக்கிற ஆறு லட்சமும் உன் கல்லாவுலதானே கிடக்கு!"