நடுச்சுவரில் ஒரு பிளக் பாயிண்ட்

"இது அவன் வேலைதான். சந்தேகமே இல்ல!" என்று குதித்தார் அண்ணன்.

ஸ்பீக்கர் பெட்டி ஊமையாக நின்றது. வீட்டை இரண்டாகப் பிரித்து, கூடத்தின் நடுவே சுவர் எழுப்பியதிலிருந்து தம்பியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பாட்டு மட்டும் உண்டு. காலையில் எழுந்ததும் பெட்டியை அந்தச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து அலறவிடுவார். தம்பி தூங்கக் கூடாது. அதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி.

"முதல்ல பெட்டி கெட்டுப்போச்சான்னு பாருங்க," என்றாள் மனைவி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தார்கள். படுக்கையறை பிளக்கில் பாடியது. சமையலறையிலும் பாடியது. கூடத்து நடுச்சுவரில் மட்டும் மூச்சில்லை. டேபிள் லைட்டைச் செருகிப் பார்த்தார்கள், அதுவும் எரியவில்லை.

"பாத்தியா? அந்தப் பக்கமிருந்து சுவரைக் குடைஞ்சு ஒயரை அறுத்திருக்கான்!"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க. நாலு பேர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்! அண்ணன் தம்பிங்கற பேச்சே இன்னியோட முடிஞ்சுது."

அடுத்த நிமிடம் தம்பி வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"வெளிய வாடா! என் வீட்டு கரண்ட்ல கை வைக்க உனக்கு என்னடா உரிமை இருக்கு?"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பின்னாலேயே ஓடிவந்த மனைவி வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனாள்.

கதவைத் திறந்த தம்பியின் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான் பாருங்க!" என்று தெருவுக்கே அறிவித்தார் அண்ணன்.

"ஃபேன் மாட்டிட்டு இருக்கேண்ணே. அதுக்காக எங்க மெயினை அணைச்சு வெச்சேன். கொஞ்சம் பொறுத்துக்க, உன் பாட்டு வந்துடும்."

"உன் மெயினை அணைச்சா என் பாட்டு எதுக்குடா நிக்கணும்?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஏதோ தப்புச் செய்தவன் அவன்தான் என்பதுபோல் முகம் கறுத்துவிட்டது.

"வாங்க, போயிடலாம்," என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் கையை உதறினார்.

"அவன் வாயால சொல்லட்டும்! ஏன்டா நின்னுது?"

தம்பியின் மனைவிதான் முன்னால் வந்தாள்.

"பாகம் பிரிச்சப்ப, அந்தக் கூடத்து ஒயரைப் பிரிக்க மறந்துட்டோம் மாமா. சுவர் வெச்ச நாள்லேருந்து உங்க பாட்டு எங்க மீட்டர்லதான் ஓடுது. சொன்னா அண்ணனுக்கு அவமானமா இருக்கும்னு, இத்தனை நாளா இவர் என் வாயையும் சேத்து அடைச்சு வெச்சிருக்கார்."